ஐம்பத்து மூன்று தடவை தூக்கிய கால்

திங்கள், புதன், வெள்ளி. காலை பத்து மணிக்குச் சற்று முன்னே பின்னே, மரியநாதபுரத்துச் சந்து ஒன்றில் சாம்பல் நிற ஸ்கூட்டர் வந்து நிற்கும். அது வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே ராயப்பராஜ் முகம் கழுவி, பவுடர் பூசி, தேய்த்த சட்டை போட்டு, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது, பவுடர் டப்பாவை எடுத்து நீட்டுவது, சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவது எல்லாம் அவர் மனைவி மரியசெல்வியின் வேலை. நாள் முழுக்க அவருக்காக ஓடிக்கொண்டிருந்த மரியசெல்வி, இந்தக் கால் மணி நேர வேலையை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார்.

"ஏனுங்க, காலுக்கு எக்ஸசைஸ் குடுக்கத்தான வருது அந்தப் பொண்ணு? மூஞ்சிக்கு எதுக்குங்க பவுடர்?" என்று ஒரு நாள் கேட்டே விட்டார்.

"வீட்டுக்கு ஒரு ஆளு வந்தா பனியனோடயா உக்காந்திருக்கிறது?"

"நானும் ஆளுதானுங்க. முப்பத்தெட்டு வருசமா பனியனைத்தான் பாத்துட்டிருக்கறேன்."

வெளியே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ராயப்பராஜின் முகம் மலர்ந்தது. மரியசெல்வி அடுப்படிக்குப் போய்விட்டார்.

ராயப்பராஜுக்கு அறுபத்தாறு வயது. அரசுப் பேருந்தில் முப்பத்தொரு வருடம் கண்டக்டர். அத்தனை வருடம் ஓடும் வண்டியில் நின்றதில் வலது முழங்கால் தேய்ந்து, கடைசியில் கழிப்பறைக்குப் போவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. செப்டம்பர் நடுவில் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாக ஒன்று சொன்னார். ஆறு வாரத்துக்குள் முழங்கால் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும். மடங்காவிட்டால் உள்ளே தசை இறுகிவிடும். மறுபடி மயக்க மருந்து கொடுத்து டாக்டரே மடக்க வேண்டிவரும். அதற்காகத்தான் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் நான்சி, நாலு பேரிடம் விசாரித்து போனிலேயே ஏற்பாடு செய்தார்.

வந்தவர் பேகம்பூர் நர்கீஸ். முப்பத்துநான்கு வயது, இரண்டு பிள்ளைகள். ஒரு நாளைக்கு ஆறு வீடு. ஆறிலும் அறுபது வயதைத் தாண்டியவர்கள். அவர் பையில் ரப்பர் பட்டை ஒன்று, துண்டு ஒன்று, நோட்டு ஒன்று, கோணம் பார்க்க இரண்டு கை உள்ள பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்று. இவ்வளவுதான் சாமான்.

மரியசெல்வியின் கோபம் நர்கீஸோடு தொடங்கியதல்ல. அதற்கு முப்பத்தெட்டு வயது.

தொப்பம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து கலியாணமாகித் திண்டுக்கல் வந்தவர் அவர். வந்த புதிதில் ஒருமுறை தாய்வீட்டுக்குப் போகப் புருஷனின் பஸ்ஸிலேயே பழனி வரை போனார். அன்றைக்குத்தான் அவருக்கு ராயப்பராஜ் யார் என்று தெரிந்தது. வீட்டில் "சோறு", "சட்டை", "வாரேன்" என்று மூன்று வார்த்தையில் நாளை முடிக்கிற மனுசன், பஸ்ஸில் வாய் மூடவில்லை. முன் சீட்டில் ஒரு நையாண்டி, பின் சீட்டில் ஒரு விசாரிப்பு, தூங்குகிறவனை எழுப்ப ஒரு பாட்டு. ஆயக்குடியில் கொய்யாக் கூடையோடு ஏறிய பெண்கள் அவரைக் "கொழுந்தனாரே" என்று கூப்பிட்டார்கள். மரியசெல்வி ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போனார். பேச்செல்லாம் பஸ்ஸுக்கு, மிச்சம்தான் வீட்டுக்கு என்று அன்றைக்கு மனதில் பதிந்தது அப்புறம் அழியவில்லை.

பையில் கொய்யா வந்தால் "யாரு குடுத்தது?" என்பார். "கெடச்சுச்சு" என்று பதில் வரும். பண்டிகைக்கு யாராவது பயணி வீடு தேடி வந்து கைகொடுத்தால், வந்தது ஆணா பெண்ணா, எந்த ஸ்டாப் என்று கேட்பார். இதைப் பொறாமை என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். "எனக்குத் தெரியணும்ல" என்பார். அவரும் வீட்டில் சும்மா இருந்தவர் இல்லை. இருபத்தாறு வருடம் பள்ளிச் சத்துணவு அமைப்பாளர். நூற்று நாற்பது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே எவன் சாப்பிடவில்லை என்று சொல்வார். ஆனால் சொந்தப் புருஷனின் முகத்தில் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஓய்வு பெற்றதும் இனி தனக்குத்தான் என்று நினைத்தார். ராயப்பராஜ் டீக்கடைக்குப் போனார். அங்கே ஓய்வு பெற்ற டிரைவர்கள் நாலு பேர் இருந்தார்கள். பிறகு மூட்டு வலி அவரை வீட்டுக்குள் இழுத்துப் போட்டது. ஆபரேஷன் முடிந்து கட்டிலில் கிடந்த முதல் நான்கு நாள் மரியசெல்வி குளிப்பாட்டினார், ஊட்டினார், தூக்கி உட்காரவைத்தார். எதற்கெடுத்தாலும் "மரியா, மரியா" என்று கூப்பிட்டார் மனுசன். கலியாணமான நாளிலிருந்து அவ்வளவு தடவை தன் பேரை அவர் வாயால் கேட்டதில்லை. வெளியே சொல்ல வெட்கப்படக்கூடிய ஒரு சந்தோஷம் மரியசெல்விக்கு இருந்தது.

ஐந்தாம் நாள் நர்கீஸ் வந்தார்.

அன்றைக்கு ராயப்பராஜ் கட்டிலை விட்டு இறங்கவே மாட்டேன் என்றார். காலைத் தரையில் வைத்தாலே உயிர் போகிறது என்றார். நர்கீஸ் வற்புறுத்தவில்லை. சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். காக்கிச் சட்டையும் தோள்பையுமாக இளவயது ராயப்பராஜ்.

"எந்த ரூட்டு சார்?"

"திண்டுக்கல் பழனி. இருபத்திரண்டு வருசம் அதே ரூட்டு."

"ஓடுற பஸ்ல கம்பியப் புடிக்காமயா டிக்கெட் குடுப்பீங்க?"

"கம்பியப் புடிச்சா அவன் கண்டக்டரே இல்ல தாயி."

நர்கீஸ் வாக்கரை அவர் முன்னால் நகர்த்தினார். "அப்பச் சரி. இந்தக் கட்டில்தான் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு. ரூம் வாசப்படி ரெட்டியார்சத்திரம். ஹால்ல டிவி இருக்கற எடம் ஒட்டன்சத்திரம். அடுப்படி ஆயக்குடி. பின்வாசல் பழனி. இன்னைக்கு ரெட்டியார்சத்திரம் வரைக்கும் வண்டி போகுமா, போகாதா?"

ராயப்பராஜ் அவரை உற்றுப் பார்த்தார். "சத்திரப்பட்டிய விட்டுட்டியே தாயி. அங்க நிப்பாட்டாமப் போனா சும்மா விட மாட்டாய்ங்க."

"ஃப்ரிட்ஜ்தான் சத்திரப்பட்டி. ஏறுங்க சார், ரைட்!"

ராயப்பராஜ் எழுந்து நின்றார். வியர்த்து வழிந்தது. ஆறு அடி எடுத்து வைத்து வாசப்படி வரை வந்து, "ரெட்டியார்சத்திரம்லாம் எறங்கு!" என்று கூவினார். அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மரியசெல்வியின் கத்தி நின்றது. அந்தக் குரலை அவர் பஸ்ஸில் ஒருமுறை கேட்டது. இந்த வீட்டுக்குள் அது வந்ததே இல்லை.

இரண்டாம் வாரம் வண்டி ஒட்டன்சத்திரம் தாண்டியது. பேச்சும் தாண்டியது. காலை மடக்கி நீட்டிக்கொண்டே கதை சொல்வார். ஆயக்குடியில் கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னால், ஒரு அம்மாள் திறந்த வாயிலேயே கொய்யாவை வைத்து அடைத்துவிடுவாளாம். நர்கீஸ் சிரிப்பார். அவரும் சிரிப்பார். முப்பத்தெட்டு வருடமாகத் தான் கேட்டுக் கிடைக்காத பதில், நேற்று வந்த பெண்ணுக்கு எண்ணெய் போட்டதுபோல வழுக்கிக்கொண்டு வந்ததை மரியசெல்வி அடுப்படியில் நின்று கேட்டார்.

பக்கத்து வீட்டு மூக்காயி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, எரிகிறதில் எண்ணெய் ஊற்றினார்.

"என்ன மதினி, அண்ணன் சிரிக்கிற சத்தம் எங்க அடுப்படி வரைக்கும் கேக்குது? ஆப்பரேசன் கால்லயா, வாயிலயா?"

"உன் வேலையப் பாரு மூக்காயி."

"நான் பாக்குறேன். நீங்க அந்தப் புள்ளையப் பாத்துக்கங்க. அம்புட்டு அழகா இருக்கு."

நர்கீஸ் மேல் குற்றம் சொல்ல மரியசெல்விக்கு ஒன்றும் அகப்படவில்லை. வந்ததும் "அம்மா, நல்லாருக்கீங்களா?" என்று கேட்கும் பெண். செருப்பை வெளியே விட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் காலைத் தொடும். காபி கொடுத்தால் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போகும். குறை சொல்ல ஏதாவது இருந்திருந்தால் மரியசெல்விக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நர்கீஸ் வராத நாட்களில் மரியசெல்விதான் பயிற்சி செய்யவைக்க வேண்டும். அங்கேதான் வினை. "எந்திரிங்க, அடுப்படி வரைக்கும் நடக்கலாம்" என்றால், "நாளைக்கு அந்தப் புள்ள வரட்டும்" என்பார். காலைத் தூக்கச் சொன்னால், தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்ப்பார்.

அக்டோபர் முதல் வெள்ளி. நர்கீஸ் அளவுகோலை முழங்கால் மேல் வைத்துப் பார்த்து உதட்டைக் கடித்தார். எண்பத்திரண்டு. மூன்று நாளாக அதே எண்பத்திரண்டு.

"திங்கக்கெழமைக்குள்ள எண்பத்தஞ்சாவது வந்துரணும் சார். தொடைக்குப் பலம் வந்தாத்தான் நல்லா மடங்கும். வலது கால மடக்காம நேராத் தூக்கி, பத்து எண்ணுற வரைக்கும் நிறுத்தி, மெதுவா எறக்கணும். காலையில பத்து தடவை, சாயந்தரம் பத்து தடவை. அம்மா, நீங்க பக்கத்துல இருந்து எண்ணுங்க."

"அவளா?" என்றார் ராயப்பராஜ். "அவ எண்ணுனா ஏழுக்கு அடுத்து ஒம்போது வரும்."

நர்கீஸ் சிரித்துவிட்டார். சாதாரணமாகத்தான் சிரித்தார். ஆனால் தினமும் நூற்று நாற்பது முட்டையை எண்ணி வாங்கி, எண்ணி அவித்து, எண்ணிக் கொடுத்த மரியசெல்விக்கு அது நெஞ்சில் போய்த் தைத்தது. திங்கட்கிழமை அந்தப் பெண் அளந்து பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். "யாரும்மா செஞ்சுவிட்டது?" என்று கேட்க வேண்டும். "நான்தான்" என்று சொல்ல வேண்டும். அன்று பகல் முழுக்க அவர் மனதில் இது ஒன்றுதான் ஓடியது.

வழியும் அன்று மாலையே கிடைத்தது.

அக்டோபர் செபமாலை மாதம். அந்த மாதம் முழுக்க மாலை ஏழு மணிக்கு அந்த வீட்டில் செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியையும் உருட்டிச் சொல்லும் செபம் உண்டு. ராயப்பராஜ் எதை மறுத்தாலும் செபத்தை மறுக்க மாட்டார். பஸ்ஸில் டியூட்டி பார்த்த காலத்திலும் டிப்போவில் மூலையில் நின்று சொல்லியிருக்கிறார். அதிலும் ஒரு பிடிவாதம். ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்தக் கூடாது. கதவைத் தட்டினாலும் போன் அடித்தாலும் கடைசி மணி வரை உட்கார்ந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். அவர் அம்மா அப்படித்தான் பழக்கியிருந்தார். மரியசெல்வியும் அந்த வீட்டுக்கு வந்து அப்படியே பழகியிருந்தார்.

"இன்னைக்கு இப்படிச் செய்யலாமுங்க," என்றார் மரியசெல்வி, மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு. "நான் அருள்நிறை மந்திரத்துல முதல் பாதி சொல்றப்ப நீங்க காலைத் தூக்குங்க. நீங்க மறு பாதி சொல்லி முடிச்சு ஆமென் சொல்றப்ப எறக்குங்க. கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, பயிற்சியும் ஆச்சு."

ராயப்பராஜ் யோசித்தார். "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

மனைவி சொன்ன ஒன்றை அவர் நல்லாயிருக்கிறது என்று ஒப்புக்கொண்டதில் மரியசெல்விக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மணி உருண்டால் ஒரு தூக்கு. செபமாலையில் ஐம்பத்து மூன்று அருள்நிறை. பத்து தடவையில் கால் நடுங்கியது. இருபதில் வியர்த்தது. முப்பதைத் தாண்டியபோது ராயப்பராஜ் ஒருமுறை அவரைப் பார்த்தார். மரியசெல்வி கண்ணை மூடிக்கொண்டு அடுத்த மணியைத் தொடங்கிவிட்டார். நர்கீஸ் சொன்னது பத்து என்று அவருக்கு ஞாபகம் இல்லாமலில்லை. பத்துக்கு எண்பத்தைந்து என்றால் ஐம்பத்து மூன்றுக்குத் தொண்ணூறாவது வராதா என்று கணக்கு ஓடியது.

வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று மாலை. ஞாயிற்றுக்கிழமை ராயப்பராஜின் குரல் போகப் போகக் கம்மியது. கடைசிப் பத்து மணிகளை உருட்டும்போது கண்ணில் நீர் நின்றது. பக்தி என்று நினைத்துக்கொண்டார் மரியசெல்வி.

திங்கட்கிழமை நர்கீஸ் வேட்டியை விலக்கிப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. தொட்டால் சூடு. அளவுகோல் எழுபது காட்டியது.

"எப்ப இருந்து சார்?"

"நேத்துல இருந்து லேசா..."

"கீழ விழுந்தீங்களா? எங்கயாவது இடிச்சுக்கிட்டீங்களா?"

"இல்ல தாயி."

நர்கீஸ் காய்ச்சல் பார்த்தார். கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். தையல் போட்ட இடத்தைப் பார்த்தார். பிறகு நோட்டைப் புரட்டி வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். "நான்தான் அன்னைக்கு ஓவரா மடக்கிட்டேனோ..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மதுரைக்குப் போன் செய்து டாக்டரிடம் பேசினார். பேசி முடித்து வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"உடனே ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்றாங்கம்மா. எதுவும் கூடுதலாச் செய்யலைன்னா, உள்ள கிருமி போயிருக்கலாம்னு சந்தேகப்படுறாங்க. அப்படி இருந்தா மறுபடி தெறந்து கழுவணும்."

அதே நேரம் நான்சியின் போன். விஷயத்தைக் கேட்டதும் மகள் படபடவென்று பொரிந்தார்.

"அம்மா, அந்தப் பொண்ணுதாம்மா எதோ பண்ணியிருக்கு. இன்னையோட நிறுத்திருங்க. நான் வேற ஆளு பாக்குறேன். நீங்க சொல்லத் தயங்குனா போனை அதுகிட்டக் குடுங்க, நான் சொல்றேன்."

இத்தனை நாளாக மரியசெல்வி மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தது அதுதான். அதைக் கேட்டு வாங்கக்கூட வேண்டியதில்லை. கையிலிருந்த போனை நீட்டினால் போதும். அவர் கட்டிலைப் பார்த்தார். ராயப்பராஜ் அவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு மேலே ஓடும் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். இவர் வாயைத் திறக்கப் போவதில்லை, காலில் மறுபடி கத்தி வைத்தாலும் வைத்துக்கொள்வார் என்று மரியசெல்விக்குப் புரிந்தது. மறுபடி திறந்து கழுவணும் என்ற வார்த்தை காதில் நின்றது.

"நான்சி, போனை வையி. அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல. பண்ணினது நானு."

நர்கீஸ் நிமிர்ந்தார். "என்னம்மா பண்ணீங்க?"

"காலைத் தூக்கவச்சேன்."

"நான்தான செய்யச் சொன்னேன்?"

"நீ பத்து சொன்ன. நான் செபமாலைக்குச் செய்யவச்சேன்."

"எத்தன தடவை?"

"அம்பத்து மூணு. மூணு நாளும்."

நர்கீஸ் நோட்டை மூடிவிட்டு ராயப்பராஜ் பக்கம் திரும்பினார். முதன்முறையாக அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்தது.

"ஏன் சார், வலிச்சா நிப்பாட்ட மாட்டீங்களா?"

"செபத்துக்கு நடுவுல எப்படித் தாயி காலை எறக்குறது?"

நர்கீஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க மாமியாவும் இப்படித்தான். முட்டி கிழிஞ்சாலும் தொழுகைய முடிச்சிட்டுத்தான் எந்திரிப்பாங்க." மறுபடி டாக்டருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். ரத்தப் பரிசோதனை செய்தார்கள், கிருமி இல்லை. துண்டில் சுற்றிய ஐஸ், காலுக்குக் கீழே தலையணை, நான்கு நாள் ஓய்வு. வீக்கம் வடிந்தது. ஆனால் நான்கு நாள் போனது போனதுதான். டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டரை வாரமே இருந்தது.

அடுத்த தடவை வந்தபோது நர்கீஸ் நேராக அடுப்படிக்கு வந்தார்.

"அம்மா, இனிமே நான் இருக்கற அரைமணி நேரமும் நீங்க ரூமுக்குள்ளதான் இருக்கணும்."

"நான் எதுக்கும்மா? அதான் நீ வந்தா அவரு பறக்கறாரே."

"அதாம்மா பிரச்சினை. நான் மடக்குறப்ப வலிக்குதா சார்னு கேப்பேன். இல்ல தாயி, நீ பண்ணுன்னு சிரிப்பாரு. உண்மையில வலி எங்க ஆரம்பிக்குது, எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியவே இல்ல. பயந்துக்கிட்டு முன்னாடியே விட்டுர்றேன். எண்பத்திரண்டுலயே நின்னதுக்கு அதான் காரணம்."

மரியசெல்வி கையைக் கழுவிக்கொண்டு போனார். குதிகாலுக்குக் கீழே ஒரு கை, முழங்காலுக்கு மேலே ஒரு கை. நர்கீஸ் வைக்கச் சொன்ன இடத்தில் வைத்து மெதுவாக மடக்கினார். எழுபத்தெட்டு. எண்பது.

"ஏய்! கொல்லப் பாக்குறியாடி? விடு! உங்கப்பன் வீட்டுக் காலா இது?"

மரியசெல்வி பதறிக் கையை எடுக்கப் போனார். நர்கீஸ் அவர் கையின் மேல் கை வைத்து நிறுத்தினார். முகமெல்லாம் மலர்ச்சி.

"இதாம்மா. இந்த எடந்தான். இங்கயே நிறுத்துங்க. பத்து எண்ணுங்க. எண் மட்டும்தான், செபம் தனியா வச்சுக்கலாம்."

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

"மெதுவா எண்ணித் தொலைக்கிறா பாரு!"

"ஏழு. எட்டு. ஒம்போது," என்றார் மரியசெல்வி, எட்டை அழுத்தி.

அதன் பிறகு தினமும் இரண்டு வேளை அதே சண்டை. திட்டு விழும் இடம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது. எண்பத்தாறில் விழுந்தது. தொண்ணூறில் விழுந்தது. சண்டை சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த மூக்காயியிடம், "எக்ஸசைஸ் நடக்குது" என்றார் மரியசெல்வி. வண்டியும் நாலாவது வாரம் பழனி போய்ச் சேர்ந்தது. வாக்கர் போய்க் கைத்தடி வந்தது.

மரியசெல்வியின் மனம் ஆறிவிட்டதா என்றால் இல்லை. திங்கட்கிழமைச் சட்டையும் பவுடரும் நிற்கவில்லை. சிரிப்பு அங்கே, திட்டு இங்கே என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. திட்டுத்தான் காலைக் குணப்படுத்துகிறது என்று நர்கீஸ் ஆயிரம் சொல்லலாம். கேட்கிறவருக்கு அது திட்டுத்தானே.

ஆறாவது வாரம். வாடகைக் கார் பிடித்து மதுரை போனார்கள். டாக்டர் முழங்காலை மடக்கி அளந்தார்.

"நூத்தி நாலு. அருமை. யாரு பிசியோ?"

"நர்கீஸ்னு திண்டுக்கல் புள்ள டாக்டர். தங்கமான புள்ள. அது இல்லைன்னா நான் எந்திரிச்சிருக்கவே மாட்டேன்."

"தினமும் வீட்டுல யாரு செஞ்சுவிட்டது?"

"அதெல்லாம் நானே பாத்துக்கிட்டேன் டாக்டர்."

எக்ஸ்ரே உறையையும் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற மரியசெல்வி ஒரு வார்த்தையும் பேசவில்லை. காரிலும் பேசவில்லை. ராயப்பராஜ் வாடிப்பட்டியில் காபி குடிக்கலாமா என்றார். கொடைரோடு தாண்டி, பசிக்கிறதா என்றார். மரியசெல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மரியநாதபுரம் வந்ததும் மரியசெல்வி இறங்கி, மூன்று படியும் ஏறி, பூட்டைத் திறந்து உள்ளே போய்விட்டார்.

அந்த மூன்று படியைத்தான் ராயப்பராஜ் இதுவரை தனியாக ஏறியதில்லை. போகும்போதும் வரும்போதும் மரியசெல்வியின் தோள் வேண்டும்.

"ஏய், கையக் குடு," என்று கீழே இருந்து குரல் வந்தது.

"உங்க தங்கத்தைக் கூப்புடுங்க."

"அது இன்னைக்கு வராதுல்ல?"

"அப்ப நீங்களே பாத்துக்கங்க. டாக்டர்கிட்ட அப்படித்தான சொன்னீங்க?"

கார் டிரைவர் கை கொடுக்க வந்தார். ராயப்பராஜ் வேண்டாம் என்று தலையாட்டினார். மரியசெல்வி ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றார். முதல் படியில் இடது கால் ஏறியது, தடி ஏறியது, வலது கால் வந்து சேர்ந்தது. இரண்டாவது படியில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. மரியசெல்வி வாசலை நோக்கி இரண்டு அடி வைத்து, நின்றார். ராயப்பராஜ் சுவரில் உள்ளங்கையை ஊன்றிச் சமாளித்துக்கொண்டார். மூச்சு வாங்கினார். மூன்றாவது படி.

"மரியா! ஏறிட்டேன்டி! ஒத்தையில ஏறிட்டேன்! பாத்தியா இல்லியா?"

அதற்குள் மரியசெல்வி அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டிருந்தார்.

"நான் பாக்கலைங்க."

போனை எடுத்து நர்கீஸுக்குச் சொல்லப் போகிறார் என்றுதான் மரியசெல்வி நினைத்தார். குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தார்.

"பாக்கலையா? அப்ப இரு. எறங்கித் திரும்ப ஏறுறேன். வந்து நில்லு."

மரியசெல்வி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். கை காய்ந்துதான் இருந்தது.

"எறங்கறப்ப வலது கால் மொதல்ல வைங்க," என்றார்.